தங்கள் உண்மையுள்ள மேற்படியார்

மானிப்பாயில் இன்றைக்கு வேலையில் இருக்கிறவர்களில் பாதிப் பேருக்கு அந்த வேலை கிடைக்கக் காரணம் மேற்படியார். மீதிப் பாதிப் பேர் கேட்ட வேலை கிடைக்காமல் வேறு வேலைக்குப் போனதற்கும் காரணம் அவரேதான். இரண்டு பாதியும் அவரை றோட்டில் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நின்று கதைத்துவிட்டுத்தான் போகும். அப்பேர்ப்பட்ட மனிதர், போன வருடம் தனக்கென்று ஒரு வேலைக் கடிதம் எழுத வேண்டி வந்தபோது, ஒற்றை வரி எழுத முடியாமல் ஒரு கிழமை முழிபிதுங்கிப் போனார். அவருக்கு வேலை கிடைக்குமா இல்லையா என்பதோடு வேறொரு விடயமும் அந்தக் கிழமையில் தீர்மானமானது. அதைச் சொல்லத்தான் இந்த வாரம் இந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிக்குக் கிட்ட, பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, ஒரு கொமினிகேசன் கடை இருந்தது. போட்டோக் கொப்பி எடுக்கலாம், போனுக்கு ரீலோட் போடலாம், சான்றிதழ்களை லமினேற் பண்ணலாம். மூலையில் ஒரு கம்பியூட்டர். அதற்கு முன்னால், வெள்ளை முழுக்கைச் சேட்டைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு, கல்யாண வீட்டில் முதல் பந்தியில் இருப்பவரைப் போல நிமிர்ந்து இருப்பவர்தான் மேற்படியார். வயது ஐம்பத்து நாலு. கலியாணம் கட்டவில்லை. தமிழில் எந்தக் கடிதம் என்றாலும் அவர்தான் எழுதி அடித்துக் கொடுப்பார்.

கடிதங்களில் 'மேற்படி விடயம் தொடர்பாக' என்று எழுதி எழுதி, அந்தச் சொல் அவருடைய வாய்க்குள்ளும் குடியேறிவிட்டது. தேத்தண்ணி வந்தால், "மேற்படி தேத்தண்ணிக்குச் சீனி போட்டதோ?" என்பார். மழை வந்தால், "மேற்படி மழை இப்போதைக்கு விடாது" என்பார். ஒருநாள் கடைக்குள் ஒரு பாம்பு புகுந்துவிட்டது. சனமெல்லாம் றோட்டுக்கு ஓட, இவர் மட்டும் கதிரையில் ஏறி நின்றுகொண்டு, "மேற்படியார் பிறின்றருக்குப் பின்னாலை போயிட்டார்" என்று அறிவித்தார். பாம்பு போய்விட்டது. அதற்கு வைத்த பெயர் இவரோடு நின்றுவிட்டது.

யாராவது வந்து, "அண்ணை, ஒரு கவரிங் லெட்டர் அடிக்க வேணும்" என்று கேட்டால் முதலில் அவருக்குக் கோபம் வரும்.

"கவரிங் வேணுமெண்டால் நகைக்கடைக்குப் போம். கவரிங் எண்டால் பித்தளைக்கு மேலை பூச்சு. நான் அடிக்கிறது பவுண்."

வந்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டு, "சரி அண்ணை, விண்ணப்பக் கடிதம்" என்று திருத்திச் சொன்ன பிறகுதான் கதிரையைக் காட்டுவார். கடிதம் பவுண்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் கொஞ்சமும் செம்பு கலக்காத பவுணில் நகை செய்ய முடியாது என்பது பத்தருக்குத் தெரியும், இவருக்குத் தெரியாது.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரே ஒரு சொல். கடிதத்தின் அடியில் 'இங்ஙனம், தங்கள் உண்மையுள்ள' என்று போட்டுக் கையெழுத்து வைப்பது எங்கள் வழக்கம். நாமெல்லாம் அதைக் கவனிப்பதேயில்லை. அது தன் பாட்டுக்குக் கீழே கிடக்கும். அந்தச் சொல்லை வாசித்துவிட்டு உட்கார்ந்து யோசித்த ஒரே மனிதர் மேற்படியார்தான்.

"கீழை 'உண்மையுள்ள' எண்டு போட்டுக் கையெழுத்தும் வைச்சுப்போட்டு, மேலை பொய் எழுதினால் அதென்ன கடிதமோ? கள்ளச் சத்தியமெல்லோ?"

ஆகவே, உங்கள் நல்ல குணத்தை எழுதினால் கெட்ட குணத்தையும் எழுதுவார். அதோடு விட்டாலும் பரவாயில்லை. நீங்கள் சொன்னது உண்மையோ என்று விசாரிப்பார். எங்கள் ஊரில் கலியாணம் பேசுகிறபோது சந்திக் கடையிலும் அயல்வீட்டிலும் போய், ஆள் எப்படி, குணம் எப்படி என்று விசாரிப்பார்களே, அதே முறையைத்தான் வேலைக் கடிதத்துக்கும் வைத்திருந்தார். அதிலும் ஒரு விசேடம் உண்டு. கதிரையில் இருந்தவுடன் அவர் கேட்கிற முதல் கேள்வி இதுதான்:

"உம்மோடை கதைபேச்சு இல்லாத ஆள் ஆர்?"

"ஏன் அண்ணை, அதுக்கும் வேலைக்கும் என்ன?"

"சிநேகிதன் ஒரு பொய் சொல்லுவான். சொந்தக்காரன் ரெண்டு பொய் சொல்லுவான். கதைபேச்சு இல்லாத ஆள்தான் உம்மை ஒழுங்காக் கவனிச்சுக்கொண்டு இருக்கிறவர்."

யாழ்ப்பாணத்தில் கதைபேச்சு இல்லாத ஓராளாவது இல்லாத மனிதர் கிடைப்பாரா? சிலர் பட்டியலே கொடுத்தார்கள். அதில் ஒரு பெயரைத் தெரிந்தெடுத்து, காற்சட்டைக் காலில் கிளிப்பைக் குத்திக்கொண்டு சைக்கிளில் ஏறிவிடுவார்.

காவலாளி வேலைக்கு விண்ணப்பிக்க வந்த ஒருவருக்கு அவர் எழுதிக் கொடுத்த கடிதம் இன்னும் ஊரில் பேசப்படுகிறது. 'நான் நேர்மையானவன். பலசாலி. குடிப்பழக்கம் இல்லை. நாய்க்குப் பயம்.' வேலை கிடைக்கவில்லை. அவர் பிறகு நாய் வராத ஒரு புடைவைக் கடையில் சேர்ந்து, இப்போது அந்தக் கடையையே பொறுப்பாக நடத்துகிறார். மேற்படியாருக்குச் சேட்டுத் துணி அங்கேதான்.

இன்னொருவர் போனில் கடிதத்தைத் தயாரித்துக்கொண்டு வந்து, அச்செடுத்துத் தந்தால் போதும் என்றார். செயற்கை நுண்ணறிவு எழுதியதாம். 'அயராத உழைப்பும் அணையாத ஆர்வமும் மிக்க நான்' என்று கடிதம் தொடங்கியது. மேற்படியார் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார்.

"இதை எழுதினது ஆர்?"

"போன், அண்ணை."

"மேற்படி போனுக்கு உம்மை எத்தினை வருசமாத் தெரியும்?"

"போன மாசம்தான் வாங்கினது."

"ஒரு மாசப் பழக்கத்திலை 'அணையாத ஆர்வம்' எண்டு எழுதிப்போட்டுது. சார்ஜ் போடாட்டி அதுவே அணைஞ்சு போமெல்லோ?"

நானும் அந்தக் கதிரையில் இருந்து பட்டவள்தான். எட்டு வருடத்துக்கு முன்னர், யாழ்ப்பாணத்தில் ஓர் அலுவலகத்தில் பதிவேட்டுப் பகுதிக்கு ஆள் எடுத்தார்கள். கதைபேச்சு இல்லாத ஆள் யார் என்று கேட்டார். "எங்கடை முன்வீட்டு மாமி" என்று வாயை வைத்துக்கொண்டு இருக்காமல் சொல்லிவிட்டேன். மாமி வீட்டு முருங்கை எங்கள் கூரையில் சாய்கிறதென்று ஐயா அதன் கொப்பை வெட்டுவித்த நாளிலிருந்து மாமி எங்களோடு கதைப்பதில்லை.

அன்று பின்னேரமே மேற்படியார் மாமி வீட்டு விறாந்தையில் ஏறி இருந்து, "முன்வீட்டுப் பிள்ளை எப்படி? சொல்வழி கேக்குமோ? பொறுமைசாலியோ?" என்று கேட்டிருக்கிறார். வெள்ளைச் சேட்டோடு ஒரு பெரிய மனிதர் வந்து இப்படிக் கேட்டால் எந்த மாமி என்ன நினைப்பார்? அடுத்த நாள் காலை அம்மா கோயிலுக்குப் போனால், அர்ச்சனைத் தட்டோடு நின்ற ஐந்து பேரும் ஒரே குரலில், "மாப்பிளை கனடாவோ, லண்டனோ?" என்று கேட்டார்களாம்.

அம்மா வீட்டுக்கு வந்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

"ஆரெடி உன்னை விசாரிக்கிறது?"

"பதிவேட்டுப் பகுதி, அம்மா."

"மாப்பிளைக்கு அங்கை நிரந்தர உத்தியோகமோ?" என்று அம்மா கேட்டார். ஐயா அரைநாள் என்னோடு கதைக்கவில்லை. இதெல்லாம் தெளிந்து முடிய இரண்டு நாள் எடுத்தது.

கடிதம் வந்தது. 'சொன்ன நேரத்துக்குச் சொன்ன இடத்தில் நிற்பேன். என் கையெழுத்து வடிவானது. ஆனால் முகத்தை எந்நேரமும் உம்மென்று வைத்திருப்பேன் என அயலவர் முறையிட்டுள்ளார். விசாரித்ததில் மேற்படி முறைப்பாடு உண்மையே.'

"அண்ணை, அந்த 'உம்'மை மட்டும் எடுத்து விடுங்கோ" என்று கெஞ்சினேன்.

"எங்கை, ஒருக்காச் சிரியும் பாப்பம்."

சிரித்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வரி இருக்கட்டும்" என்றார்.

வேலை கிடைத்தது. நேர்முகப் பரீட்சையில் இருந்த பெரியவர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "பதிவேட்டு அறைக்குள்ளை சிரிக்கிறதுக்கு ஒண்டுமில்லைப் பிள்ளை, திங்கக்கிழமை வாரும்" என்றார். இன்றைக்கும் அந்த அறையில்தான் இருக்கிறேன். அன்றிலிருந்து மேற்படியார் எனக்குச் சொந்த அண்ணை மாதிரி. அவர் அதை ஒப்புக்கொள்ளமாட்டார், சொந்தக்காரர் இரண்டு பொய் சொல்லுகிறவர்கள் என்பதால்.

இனி போன வருடத்துக்கு வருகிறேன். கொமினிகேசன் முதலாளி பிள்ளைகளோடு இருக்கக் கனடாவுக்குப் போக, கடை கைமாறியது. வாங்கியவர் அதைப் பேக்கரி ஆக்கப்போவதாகச் சொன்னார். நல்ல மனிதர். "அண்ணை, நீங்கள் போக வேண்டாம், பாண் விக்க நில்லுங்கோ" என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

"பாண் இண்டைக்குச் சுட்டதோ எண்டு சனம் கேட்டால் நான் உண்மையைச் சொல்லிப்போடுவன், தம்பி. வேண்டாம், நீர் பிழைக்க வேணும்" என்று மேற்படியார் மறுத்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து, வட்டுக்கோட்டைப் பக்கம் மரக்கறிகளைப் பெட்டி கட்டி வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு புது நிறுவனம், தமிழில் கடிதத் தொடர்பு பார்க்க ஓராள் தேவை என்று அறிவித்தது. மேற்படியாருக்கென்றே அளவெடுத்துத் தைத்த வேலை. விண்ணப்பம் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு முன்னர் போய்ச் சேர வேண்டும். அது கிடைக்காவிட்டால் அடுத்த மாதம் அவருக்கு இருக்க ஒரு மேசை கிடையாது. கடிதம் எழுதாத மேற்படியாரை நினைத்துப் பார்க்க எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

திங்கட்கிழமை வேலையால் வரும்போது எட்டிப் பார்த்தேன். திரையில் 'மேற்படி விடயம் தொடர்பாக' என்ற ஒரு வரி இருந்தது. செவ்வாய்க்கிழமையும் அதே வரிதான். புதன்கிழமை பார்த்தால் 'தொடர்பாக'வையும் காணவில்லை.

"என்ன அண்ணை, இன்னும் எழுதேல்லையோ?"

"எழுதலாம், பிள்ளை. ஆர் விசாரிக்கிறது? என்னைப் பற்றி நானே எழுதினால் அது சாட்சியில்லாத வழக்கெல்லோ?"

"நான் விசாரிக்கிறன்."

"நீரோ?"

"ஓம். சொல்லுங்கோ, உங்களோடை கதைபேச்சு இல்லாத ஆள் ஆர்?"

இந்தக் கேள்வியை அவர் ஊரில் எல்லாரிடமும் கேட்டிருக்கிறார். அவரிடம் ஒருவரும் கேட்டதில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், திரும்பவும் கழற்றினார்.

"சண்டிலிப்பாயிலை ஓராள் இருக்கிறா" என்றார். "மேற்படியாள் என்ரை தங்கச்சி."

பதினொரு வருடத்துக்கு முன்னர், தங்கையின் கணவர் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞர் வேலைக்கு விண்ணப்பித்தாராம். மச்சானுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தது மேற்படியார். அதில், 'மத்தியானம் சோறு சாப்பிட்டால் அரை மணித்தியாலம் நித்திரை கொள்வேன்' என்று ஒரு வரி. வேலை கிடைக்கவில்லை. அன்றைக்கு முகத்தைத் திருப்பிய தங்கை இன்றுவரை அண்ணனோடு கதைக்கவில்லை.

"சொந்த மச்சானுக்கு அப்படி எழுதலாமோ, அண்ணை?"

"நித்திரை கொள்ளுறவர்தான், பிள்ளை. நான் கண்ணாலை கண்டனான்." கண்ணாடியைத் திரும்பவும் மூக்கில் ஏற்றிக்கொண்டு, "அரை மணித்தியாலம் எண்டதே குறைச்சுத்தான் எழுதினது" என்றார்.

வியாழக்கிழமை அரைநாள் லீவு போட்டு ஸ்கூட்டியில் சண்டிலிப்பாய்க்குப் போனேன். வீட்டைச் சுற்றிக் கத்தரியும் வெங்காயமும் பச்சைப் பசேலென்று நின்றன. விறாந்தையில் ஒரு மனிதர் சாய்மனைக் கதிரையில் வாயைத் திறந்தபடி நல்ல நித்திரை. நேரம் ஒன்றரை. மேற்படியார் எழுதிய கடிதம் உண்மையென்று வாசல் படலையடியிலேயே நிரூபணமாகிவிட்டது.

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து தங்கை வந்தார். ஐம்பது வயது மட்டில் இருக்கும். அதே மூக்கு, அதே நிமிர்வு.

"ஆர் பிள்ளை?"

"நான் மானிப்பாயிலை இருந்து வாறன், அக்கா. உங்கடை அண்ணையைப் பற்றி ஒருக்கா விசாரிக்க வேணும். ஆள் எப்படி, குணம் எப்படி எண்டு..."

சொல்லி முடிக்க முன்னரே எனக்குப் பிழை விளங்கிவிட்டது. அக்கா என்னை உச்சந்தலையிலிருந்து செருப்பு வரை அளந்தார்.

"அண்ணையையோ? ஆருக்கு? உமக்கோ? உமக்கு என்ன வயசு, பிள்ளை? வீட்டிலை சொல்லிப்போட்டோ வந்தனீர்?"

"ஐயோ அக்கா, கலியாணத்துக்கு இல்லை, வேலைக்கு!" என்று நான் போட்ட கத்தலில் சாய்மனைக் கதிரைக்காரர் துள்ளி எழும்பிவிட்டார்.

விடயத்தை முதலிலிருந்து சொன்னேன். கடை கைமாறியதையும், வட்டுக்கோட்டை வேலையையும், மூன்று நாளாக ஒற்றை வரியோடு அவர் இருப்பதையும் சொன்னேன். அக்கா உள்ளே போனார். தேத்தண்ணியோடு வந்தார். கோப்பையை என் கையில் தந்துவிட்டு, எதிரே கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். சாட்சி ஆயத்தம்.

"எழுதும். பிடிவாதம். எழுதினீரோ?"

"ஓம், அக்கா."

"ஒருத்தற்றை முகத்துக்காகவும் ஒரு சொல்லும் மாத்தமாட்டார். வாயைத் திறந்தால் மேற்படி, மேற்படி. சித்திரை வெயிலிலும் சேட்டுக்குக் கழுத்துத் தெறி பூட்டுவார். எங்கடை கலியாண வீட்டிலை ஐயருக்கே மந்திரம் பிழையெண்டு சொன்ன மனுசன்."

"வேலையிலை எப்படி?"

"வேலையிலையோ?" குரல் கொஞ்சம் இறங்கியது. "ஓர் எழுத்துப் பிழை விட்டால் அண்டைக்குச் சாப்பிடமாட்டார், பிள்ளை. சோத்துக் கோப்பையை மூடிவைச்சுப்போட்டுப் படுத்திடுவார். நான் எத்தினை தரம் எழுப்பிக் குடுத்திருக்கிறன்."

"மத்தியானத்திலை நித்திரை கொள்ளமாட்டார். அதையும் எழுதும்" என்றார் சாய்மனைக் கதிரையில் இருந்த அக்காவின் கணவர், அத்தார், கொட்டாவி விட்டபடி. அவருக்கு ஒரு கோபமும் இல்லை. "அந்த வேலை கிடைச்சிருந்தால் இண்டைக்கும் ஏதோ ஒரு மேசைக்குப் பின்னாலை ஒளிச்சுத்தான் கண்ணை மூடியிருப்பன். இப்ப என்ரை தோட்டம், என்ரை கதிரை. கோவம் உவவுக்குத்தான்."

அவர் 'உவ' என்று காட்டிய அக்கா எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்து, பொலித்தீன் உறைக்குள் பத்திரமாக இருந்த ஒரு தாளை எடுத்து வந்தார். பதினொரு வருடத்துக்கு முந்திய அந்தக் கடிதத்தின் பிரதி. நித்திரை வரியைத் தாண்டி, கடைசிப் பந்தியைக் காட்டினார்.

'எவரையும் இலகுவில் நம்பாத என் மைத்துனர், என்னை ஊரெல்லாம் விசாரித்த பின்னரே தன் ஒரேயொரு தங்கையை எனக்குக் கட்டித் தந்தார். இதைவிட மேலான நற்சான்றிதழ் என்னிடம் இல்லை.'

நான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, அந்த வரியைத் திரும்பவும் வாசித்தேன்.

"இந்தக் கடைசி வரியை வாசிச்சால் எனக்குக் கோவம் ஆறிப்போம்" என்றார் அக்கா. "பேந்து கண் மேலை போகும். நித்திரை வரி நிக்கும். திரும்பவும் கோவம் வரும். இப்பிடியே பதினொரு வருசம் போயிட்டுது."

"ஒருக்காப் போய்க் கதைச்சிருக்கலாமே, அக்கா?"

"நான் ஏன் போக? அவரெல்லோ மூத்தவர். அவர் வரட்டும்."

மேற்படியாரைக் கேட்டிருந்தால், "கோவிச்சவ அவவெல்லோ, அவ வரட்டும்" என்றிருப்பார். ஒரே மூக்கு என்று சும்மாவா சொன்னேன்?

வெளிக்கிடும்போது, "கடிதம் எப்ப அனுப்புறியள்?" என்று அக்கா கேட்டார். நாளைக்கு மூன்று மணிக்கு முதல் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்றேன். தலையை மட்டும் ஆட்டினார்.

வெள்ளிக்கிழமை முழுநாள் லீவு. என் மேலதிகாரி, "உமக்கு இந்தக் கிழமை என்ன, கலியாணமோ?" என்று கேட்டார். கொமினிகேசனில் மேற்படியாருக்குப் பக்கத்தில் இருந்து நான் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவர் அடித்தார். 'பிடிவாதக்காரன். எவருடைய முகத்துக்காகவும் ஒரு சொல்லை மாற்றமாட்டேன்.' முகத்தில் ஓர் அசைவும் இல்லை. 'ஓர் எழுத்துப் பிழை விட்டால் அன்று சாப்பிடமாட்டேன்' என்ற இடத்தில் விரல்கள் நின்றன.

"அவ சொன்னதோ?"

"ஓம், அண்ணை."

"ம்" என்றார். அந்த ஒரு வரியை மூன்று தரம் பிழையாக அடித்துத் திருத்தினார்.

எல்லாம் முடிந்து 'தங்கள் உண்மையுள்ள' போடுகிற நேரத்தில், அவராகவே ஒரு வரி சேர்த்தார். 'என் ஒரேயொரு தங்கையோடு பதினொரு வருடமாகக் கதைபேச்சு இல்லை.'

"அண்ணை! உந்த வரியை ஏன் போடுறியள்? வாசிக்கிறவை என்ன நினைப்பினம்? எடுங்கோ."

"கடிதத் தொடர்புக்கெல்லோ ஆள் கேக்கினம். சொந்தத் தங்கச்சியோடை தொடர்பில்லாத ஆள் எண்டு அவைக்குத் தெரிய வேண்டாமோ? கீழை 'உண்மையுள்ள' எண்டு போடப்போறன், பிள்ளை."

கெஞ்சினேன், வெருட்டினேன், நான் கொண்டுபோய்க் கொடுக்கமாட்டேன் என்றும் சொன்னேன். வரி அசையவில்லை. அந்த வரியை வாசிக்கிற எந்த முதலாளி இவரை எடுக்கப் போகிறார்? நேரம் ஒன்றரையைத் தாண்டிவிட்டது.

அப்போது வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் அத்தார். மத்தியான நித்திரையை விட்டுவிட்டு வந்திருக்கிறார் என்றால் விடயம் பாரதூரமானது என்று விளங்கிக்கொண்டேன். பின்னாலிருந்து அக்கா இறங்கி உள்ளே வந்தார். மேற்படியார் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. காது மட்டும் சிவந்தது.

"பிள்ளை" என்றார் அக்கா என்னிடம், "உவருக்குச் சொல்லும், கடிதத்தை நான் ஒருக்காப் பாக்க வேணுமாம்."

"பிள்ளை" என்றார் மேற்படியாரும் என்னிடம், "மேற்படியாளுக்குச் சொல்லும், பாக்கலாமாம்."

இரண்டு பேருக்கும் நடுவில் இரண்டு அடி தூரம். நான் இருவருக்கும் உரியதை உரியபடி சொன்னேன். அக்கா கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டு, குனிந்து வாசித்தார். தன் சாட்சியம் ஒழுங்காக ஏறியிருக்கிறதா என்று ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தார். கடைசி வரிக்கு வந்ததும் நின்றார்.

"இது பொய்."

மேற்படியார் கதிரையோடு சுழன்று திரும்பினார். அவருடைய கடிதத்தில் பொய் இருக்கிறதென்று ஒருவர் சொல்லி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

"என்ன பொய்? பதினொரு வருசம். வடிவா எண்ணித்தான் போட்டனான்."

"கதைபேச்சு இல்லையெண்டு கிடக்குது" என்றார் அக்கா. "நான் இப்ப உங்களோடை கதைச்சுக்கொண்டெல்லோ நிக்கிறன், அண்ணை."

மேற்படியார் அந்த வரியைத் திரும்பவும் வாசித்தார். மெதுவாகக் கீபோட் பக்கம் திரும்பி, அந்த வரியைப் பின்னாலிருந்து ஓர் எழுத்து ஓர் எழுத்தாக அழிக்கத் தொடங்கினார். முழு வரியையும் ஒரேயடியாக அழிக்க அவருக்குத் தெரியாதா என்ன? எழுத்துகள் போய்க்கொண்டிருப்பதை அண்ணனும் தங்கையும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நான் அழுதுவிட்டேன். என் முகம் வழக்கமாகவே அப்படித்தான் என்பதால் ஒருவரும் கவனிக்கவில்லை.

"மேற்படி வரி நீக்கப்பட்டது" என்றார், தொண்டையைச் செருமிக்கொண்டு. பிறகு, திரும்பாமலே, "சாப்பிட்டியே?" என்று கேட்டார்.

"இல்லை. சமைச்சு மூடிவைச்சிட்டு வந்தனான். வாங்கோ வீட்டை."

"கெதியா வெளிக்கிடுங்கோ, எனக்குக் கண்ணைக் கட்டுது" என்று வாசலில் இருந்து அத்தார் குரல் கொடுத்தார்.

மூன்று மணிக்கு இருபது நிமிடம் இருக்கும்போது நான் வட்டுக்கோட்டையில் கடிதத்தைக் கொடுத்தேன். பத்து நாளில் கூப்பிட்டு வேலை கொடுத்துவிட்டார்கள். இப்போது அந்த நிறுவனத்தின் கடிதங்கள், 'எமது கத்தரிக்காய் நல்லது, ஆனால் இந்த முறை இரண்டு பெட்டியில் கொஞ்சம் பூச்சி குத்திய சூத்தைக் காய் உண்டு' என்ற பாணியில்தான் வெளிநாட்டுக்குப் போகின்றன. அங்குள்ள எங்கள் தமிழ்க் கடைக்காரர்கள் அதை நம்பியே ஓடர் கொடுக்கிறார்களாம். ஞாயிற்றுக்கிழமைகளில் மேற்படியார் சண்டிலிப்பாயில். விறாந்தையில் இரண்டாவது சாய்மனைக் கதிரை போட்டிருக்கிறார்கள். சாப்பிட்ட பின்னர் அவரும் கண்ணயர்கிறார் என்று அத்தார் சாட்சி சொல்கிறார். விண்ணப்பத்தில் 'மத்தியானம் நித்திரை கொள்ளமாட்டேன்' என்று எழுதியதற்கு மாறாக நடப்பதால், அதைப் பற்றி நிறுவனத்துக்கு ஒரு திருத்தக் கடிதமும் அனுப்பியாயிற்று.

இந்தப் பத்தியை அனுப்ப முன்னர் அவரிடம்தான் காட்டினேன். சிவப்புப் பேனையோடு திரும்பி வந்தது. 'பாதிப் பேர்' என்ற இடத்தில், 'எண்ணிப் பார்த்தனீரோ?' பாம்புக்குப் பக்கத்தில், 'சாரை. சிறியது.' ஒரு கிழமை முழிபிதுங்கினார் என்றதற்கு, 'நாலு நாள்.' நான் ஒன்றையும் மாற்றவில்லை. எனக்கும் கொஞ்சம் செம்பு கலக்க உரிமை உண்டு.

கடைசியில், 'இப்படி ஒரு நல்ல மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை' என்று எழுதி முடித்திருந்தேன். அதற்குக் கீழே கோடு போட்டு, 'மேற்படி கூற்று விசாரித்து எழுதப்பட்டதோ?' என்று கேட்டிருக்கிறார்.

ஓம், அண்ணை. வடிவா விசாரிச்சுத்தான் எழுதினனான்.